பாரசீக இளவரசனுக்கு கிராபிக்ஸ் கார்டு தேவைப்படவில்லை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முதலிடம் பிடிப்பது இதுதான்: "பையன் கேம் விளையாட வேண்டும் என்கிறான். எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடலாம்?" பெரும்பாலும் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. தவணை பாக்கி இருக்கும். கடையில் கேட்டால் ஒரு விலைப் பட்டியலை நீட்டுவார்கள். அதில் சில கார்டுகளின் விலை, வாங்கிய கம்ப்யூட்டரின் விலையையே எட்டிப் பிடிக்கும். என் பதில் எப்போதும் ஒன்றுதான். கார்டு வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அதற்கு முன் பழைய கேம் ஒன்றை ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள். அதன் பெயர் பிரின்ஸ் ஆப் பெர்ஷியா, அதாவது பாரசீக இளவரசன்.

இதைச் சொன்னதும் பலர் சிரிப்பார்கள். "அந்த டாஸ் காலத்து கேமா?" என்பார்கள். ஆம், அதுவேதான். கேம் நன்றாக இருப்பதற்கும் கார்டின் விலைக்கும் நாம் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் கிடையாது என்பது என் கருத்து. அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முதலில் இந்தக் கேம் எந்த மாதிரியான கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது என்று பார்ப்போம். 1989ல் இது வெளிவந்தது ஆப்பிள் 2 வகைக் கம்ப்யூட்டரில். அதன் பிராசசர் 6502 என்ற சிப். வேகம் சுமார் 1 மெகா ஹெர்ட்ஸ். இன்று உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரின் வேகத்தை கிகா ஹெர்ட்ஸில் சொல்கிறோம். ஒரு கிகா ஹெர்ட்ஸ் என்பது ஆயிரம் மெகா ஹெர்ட்ஸ். மெமரி 128 கேபி. எம்பி அல்ல, கேபி. உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ இதைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த 128 கேபிக்குள் ஒரு அரண்மனை, அதன் பாதாளச் சிறை, ஓடித் தாவும் இளவரசன், வாள் ஏந்திய காவலாளிகள், இளவரசி, கொடிய மந்திரி ஜாபர் எல்லாரையும் அடைக்க வேண்டியிருந்தது. கிராபிக்ஸ் கார்டு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இதனை பிளாட்பார்ம் கேம் என்று சொல்வார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். திரையில் அடுக்கடுக்காகத் தளங்கள் இருக்கும். உங்கள் ஆள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும், ஏற வேண்டும், விழாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நின்டென்டோ நிறுவனம் 1981ல் வெளியிட்ட டாங்கி காங் இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. 1985ல் அதே நிறுவனத்தின் சூப்பர் மரியோ பிரதர்ஸ் வந்து உலகையே ஆட்டிப் படைத்தது. மரியோ ரப்பர் பந்து போன்றவர். தாவினால் தன் உயரத்தைப் போலப் பல மடங்கு எழும்புவார். ஆகாயத்தில் இருக்கும்போதே நீங்கள் வேறு கீயை அழுத்தினால் அந்தப் பக்கம் வளைவார். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலில் அடிபடாது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அந்த விளையாட்டின் சந்தோஷமே அதுதான். ஆனால் மரியோவுக்கு உடம்பு இல்லை. பாரசீக இளவரசனுக்கு உடம்பு இருக்கிறது. அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான கதை.

கேமை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர். 1964ல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்தபோதே கராத்தேகா என்ற சண்டை விளையாட்டைத் தனியாளாக எழுதினார். 1984ல் பிராடர்பண்ட் என்ற கலிபோர்னியா நிறுவனம் அதை வெளியிட்டது. நன்றாகவும் விற்றது. அதிலேயே ஒரு பரிசோதனையைச் செய்து பார்த்திருந்தார். தன் கராத்தே ஆசிரியரை சிறு மூவி கேமராவில் படம் பிடித்து, பிலிமில் உள்ள ஒவ்வொரு படத்தையும் கோடு வரைந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டு வந்தார். சினிமாக்காரர்களுக்கு இது பழைய வித்தை. மேக்ஸ் பிளைஷர் என்பவர் 1917ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வால்ட் டிஸ்னியின் ஸ்நோ ஒயிட் படத்திலும் இது பயன்பட்டது. ரோட்டோஸ்கோப் என்பது இதன் பெயர். நன்றாக ஓவியம் வரையத் தெரியாதவர் உயிருள்ள அசைவுகளைத் திரையில் கொண்டு வர இதைவிட நல்ல வழி இல்லை. மெக்னருக்கு அந்தத் தேவை இருந்தது.

கல்லூரி முடித்த 1985ஆம் ஆண்டிலேயே அடுத்த கேமுக்கான வேலை தொடங்கிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் சப்பாக்வா என்ற ஊரில், அவர்கள் படித்த பள்ளிக்கு எதிரே ரீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனத்தின் கார் நிறுத்துமிடம். அங்கே பள்ளி மாணவனாக இருந்த தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடச் சொன்னார். தாவச் சொன்னார். ஒரு மதிலைப் பிடித்துத் தொங்கி ஏறச் சொன்னார். அனைத்தையும் விஎச்எஸ் வீடியோ கேமராவில் பதிவு செய்தார்.

இன்றைக்கு வீடியோவை கேபிள் வழியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு மவுஸைத் தட்டினால் போதும். அன்று என்ன பாடு என்று கேளுங்கள். வீடியோவை டிவியில் ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவிலும் நிறுத்தி, இருட்டறையில் டிவி திரையைச் சாதாரணக் கேமராவால் போட்டோ எடுத்தார். பிலிம் ரோலைக் கடையில் கொடுத்துக் கழுவி, பிரின்ட் போட்டு வாங்கினார். பிரின்ட்டில் தம்பியின் உருவம் பின்னணியோடு கலங்கித் தெரிந்தது. எனவே கறுப்பு மார்க்கரால் சுற்றிலும் பூசி, எழுத்துப் பிழைகளை அழிக்கப் பயன்படும் வெள்ளை மையால் உடம்பை நிரப்பினார். பின் அந்தத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்தார். அப்போதுதான் கறுப்பும் வெள்ளையும் தெளிவாகப் பிரிந்தன. கடைசியில் அந்த ஜெராக்ஸ் தாள்களை வீடியோ கேமராவின் முன் வைத்து, டிஜிட்டைசர் கார்டு மூலம் ஆப்பிள் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். அங்கும் விட்டபாடில்லை. புள்ளி புள்ளியாகத் திருத்தினார். இப்படி ஒரு ஓட்டம். இப்படி ஒரு தாவல். இப்படி ஒரு திரும்பல். ஓடிக் கொண்டிருப்பவன் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பினால் கால் சறுக்கி, உடல் சாய்ந்து, நிமிர்ந்து, பிறகுதான் ஓடுவான் அல்லவா? அதையும் விடவில்லை.

முதன்முதலில் அந்த இளவரசன் ஓடுவதைப் பார்த்தவர்கள் ஏன் அசந்து போனார்கள் என்பதற்கு இதுவே காரணம். அந்த உருவத்தின் முகத்தில் கண், மூக்குகூட ஒழுங்காக இருக்காது. சில பத்துப் புள்ளிகள்தான். ஆனால் ஓட்டத்தில் ஒரு பள்ளி மாணவன் இருக்கிறான். அவனுடைய எடை இருக்கிறது.

அந்த எடைதான் இந்தக் கேமின் பெரிய குறை என்று சொல்பவர்களும் உண்டு. "கீயை அழுத்தினால் உடனே கேட்பதில்லை, ஒரு நொடி கழித்துத்தான் தாவுகிறான்" என்று இன்றைய பிள்ளைகள் அலுத்துக் கொள்வார்கள். உண்மைதான். ஓடத் தொடங்கிய இளவரசனை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது; இரண்டு எட்டு எடுத்து வைத்துத்தான் நிற்பான். தாவியவனை ஆகாயத்தில் திருப்ப முடியாது. ஒரு மாடி உயரம் விழுந்தால் தப்பிப்பான். இரண்டு மாடி என்றால் ஒரு உயிர்ப் புள்ளி போகும். மூன்று மாடி என்றால் முடிந்தது கதை. நான் இதைக் குறையாக எண்ணவில்லை. மனிதனின் உடம்பு அப்படித்தானே வேலை செய்கிறது? மனம் முடிவெடுத்த பின் கால் கேட்பதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. அந்த இடைவெளியைக் கணக்கிட்டு விளையாடக் கற்றுக் கொள்வதே இங்கு விளையாட்டு. விரல் வேகமானவர்கள் முதல் பள்ளத்திலேயே விழுவார்கள். நிதானமானவர்கள் போய்ச் சேர்வார்கள். என் அனுபவத்தில் வீட்டில் பையன்களைவிட அம்மாக்கள் இதை நன்றாக விளையாடுகிறார்கள்.

அந்த நிதானத்துக்கு என்றே ஒரு கீயை ஒதுக்கியிருக்கிறார். ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு அம்புக் குறியைத் தட்டினால் இளவரசன் ஓட மாட்டான். பூனை போல ஒரு அடி எடுத்து வைப்பான். தரையிலிருந்து முளைக்கும் ஈட்டிகளுக்கு நடுவே இப்படி அடி அடியாக நடந்தால் கீறல்கூட விழாது. ஓடினால் குத்திக் கிழித்துவிடும். விழும்போது ஷிப்டைப் பிடித்தால் கல்லின் ஓரத்தைப் பற்றித் தொங்குவான். உள்ளே ஒரு மனிதன் பல்லைக் கடித்துக் கொண்டு தொங்குவது போலவே இருக்கும்.

கட்டங்களை அமைத்த விதத்திலும் இந்தச் சிந்தனைதான். தனக்கு வழிகாட்டியவை என்று மெக்னர் குறிப்பிடுபவை மூன்று. லோட் ரன்னர் என்ற 1983ஆம் ஆண்டு கேம், கேஸில்ஸ் ஆப் டாக்டர் க்ரீப் என்ற புதிர் விளையாட்டு, 1981ல் வந்த ரெய்டர்ஸ் ஆப் த லாஸ்ட் ஆர்க் திரைப்படத்தின் முதல் பத்து நிமிடங்கள். அந்தப் படத்தில் கதாநாயகன் குகைக்குள் இறங்கும் கதவுக்கடியில் உருண்டு தப்பிப்பான் அல்லவா? அதையே கேமில் காண்கிறோம். ஒரு கல்லை மிதித்தால் தூரத்தில் இரும்புக் கதவு மேலே ஏறும். உடனே மெல்ல இறங்கத் தொடங்கும். அதற்குள் ஓடிப் போக வேண்டும். சில கற்கள் மிதித்தால் ஆடும், பிறகு உடைந்து விழும். வெளியில் பார்க்க எல்லாக் கல்லும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் நின்ற இடத்திலேயே ஒரு முறை குதித்துப் பாருங்கள். தளர்ந்த கற்கள் கடகடவென்று ஆடிக் காட்டிக் கொடுத்துவிடும். இதை எந்தத் திரையும் உங்களுக்குச் சொல்லித் தராது. நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

மதிப்பெண் கிடையாது. பொறுக்குவதற்குக் காசு கிடையாது. மொத்தம் 60 நிமிடங்கள், அவ்வளவுதான். அதற்குள் இளவரசியை மீட்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்குப் போவீர்கள். ஆனால் கடிகாரம் பின்னால் போகாது. செலவழித்த நிமிடங்கள் செலவழித்தவைதான். ஒரு பக்கம் "மெதுவாகப் போ" என்று கற்றுக் கொடுத்துவிட்டு, இன்னொரு பக்கம் "நேரம் ஓடுகிறது" என்று கழுத்தைப் பிடிக்கிறது இந்தக் கேம். எனக்குத் தெரிந்து இவ்வளவு எளிய விதியில் இவ்வளவு பதற்றத்தைக் கொண்டு வந்தவர்கள் குறைவு.

இப்போது இந்தக் கேமின் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறேன். அது பிறந்ததே மெமரி போதாததால்தான்.

இளவரசனின் அசைவுகளுக்கான படங்களே பெரும்பாலான மெமரியை விழுங்கிவிட்டன. எதிரி என்று இன்னொரு ஆளைப் போட இடமில்லை. எனவே மெக்னர் தொடக்கத்தில் சண்டையே வேண்டாம், கதவும் பள்ளமும் போதும் என்றிருந்தார். பிராடர்பண்டில் உடன் பணியாற்றிய டோமி பியர்ஸ் விடவில்லை. சண்டை வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டே இருந்தார். மெமரியில் இடமில்லை என்பதே மெக்னரின் பதிலாக இருந்தது. கடைசியில் வழி பிறந்தது. இன்னொரு ஆளின் படத்துக்கு இடமில்லை என்றால், இளவரசனின் படத்தையே எதிரிக்கும் பயன்படுத்தினால் என்ன?

ஆனால் இருவரும் ஒரே மாதிரி இருந்தால் குழப்பம் வருமே? இங்குதான் ஒரு சின்னக் கணக்கு கை கொடுத்தது. புதியவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். திரையில் தெரியும் படம் எல்லாமே உள்ளே 0, 1 என்ற பிட்டுகளின் வரிசைதான். எக்ஸ்குளூசிவ் ஆர் என்று ஒரு கணக்கு உண்டு. இரண்டு பிட்டுகளை ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் 0 என்றும், வேறு வேறாக இருந்தால் 1 என்றும் விடை தரும். இளவரசனின் படத்தை எடுங்கள். அதே படத்தை ஒரே ஒரு பிட் பக்கவாட்டில் நகர்த்தி அதன் மேல் வையுங்கள். இந்தக் கணக்கைப் போடுங்கள். உடம்பின் நடுப்பகுதியில் வெள்ளையும் வெள்ளையும் சந்தித்து 0 ஆகி மறைந்து போகும். ஓரங்களில் மட்டும் வித்தியாசம் இருப்பதால் மினுமினுக்கும் கோடு மிஞ்சும். அதாவது ஆவி போல ஒரு உருவம். புதிதாக ஒரு படம்கூடச் சேர்க்காமல் இளவரசனுக்கு ஒரு நிழல் மனிதன் கிடைத்துவிட்டான்.

நிழல் கிடைத்ததும் கதையும் கிடைத்தது. நான்காவது கட்டத்தில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். ஓடி வந்து அதற்குள் பாய்ந்துதான் ஆக வேண்டும். பாய்ந்ததும் கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து உங்கள் நிழல் எதிர்த்திசையில் ஓடிவிடும். அடுத்த கட்டத்தில் நீங்கள் எட்டிப் பிடிக்கப் போகும் மருந்துக் குப்பியை அது வந்து குடித்துவிட்டுப் போகும். அதற்கடுத்த கட்டத்தில் உங்கள் கண் முன்பே கல்லை மிதித்து, கதவை மூடி, உங்களைப் பள்ளத்தில் விழ வைக்கும். கோபம் வரத்தான் செய்யும்.

முடிவைத் தெரிந்து கொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பன்னிரண்டாம் கட்டத்தில் நிழல் மனிதன் வாளோடு எதிரில் வந்து நிற்பான். நீங்களும் வாளை உருவுவீர்கள். குத்துவீர்கள். அவனுக்கு ஒரு உயிர்ப் புள்ளி குறையும், உங்களுக்கும் ஒன்று குறையும். மீண்டும் குத்தினால் மீண்டும் அதே கதை. கொன்றால் நீங்களும் சாவீர்கள். வழி என்ன தெரியுமா? வாளை உறையில் போட வேண்டும். கீழ் நோக்கிய அம்புக் குறியை அழுத்தினால் இளவரசன் வாளை இறக்குவான். அவனும் இறக்குவான். நேராக அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதன் பிறகு, முன்பு வெறும் பள்ளமாக இருந்த இடத்தில் துணிந்து ஓடினால் காலடியில் ஒவ்வொரு கல்லாகத் தரை தோன்றும். இவ்வளவும் ஒரு பிட் நகர்த்தியதில் வந்தது. மெமரி தாராளமாக இருந்திருந்தால் மெக்னர் வேறு ஏதோ ஒரு பூதத்தைத்தான் வரைந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிழல் மனிதன் வந்த பிறகு சண்டையின் ருசி தெரிந்துவிட்டது. மெமரியைக் கசக்கிப் பிழிந்து காவலாளிகளுக்கும் இடம் உண்டாக்கினார். வாள் வீச்சுக்கு மாதிரி வேண்டும் அல்லவா? 1938ல் எரால் பிளின் நடித்து வந்த ராபின் ஹூட் படத்தில் அவருக்கும் பேசில் ராத்போனுக்கும் நடக்கும் வாள் சண்டையில் சில வினாடிகள் மட்டும் இருவரும் சரியாகப் பக்கவாட்டில் நின்று மோதுவார்கள். அந்தச் சில வினாடிகள் போதுமானதாக இருந்தன. இசையை அமைத்தவர் மெக்னரின் தந்தை பிரான்சிஸ். தொழிலால் உளவியல் அறிஞர். தம்பி ஓட, அப்பா இசையமைக்க, அண்ணன் புரோகிராம் எழுத, கிட்டத்தட்ட வீட்டுத் தயாரிப்பு என்றே சொல்லலாம். இளவரசி அனுப்பி வைக்கும் வெள்ளை எலி எட்டாம் கட்டத்தில் வந்து கல்லை மிதித்துக் கதவைத் திறந்து விடுமே, அந்த இடம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

தம்பியைப் படம் பிடித்தது 1985. கேம் வெளிவந்தது 1989. நான்கு வருடங்கள். இடையில் மெக்னருக்கு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதும் ஆசை வந்து, கேம் மாதக் கணக்கில் கிடப்பில் கிடந்தது. அந்த வருடங்களில் அவர் எழுதிய நாட்குறிப்புகள் 2011ல் புத்தகமாக வெளிவந்தன. கேமை முடிப்பதா, விட்டுவிட்டு ஹாலிவுட் போவதா என்று ஊசலாடும் இளைஞரை அதில் பார்க்கலாம். அவர் முடித்தபோது இன்னொரு இடி காத்திருந்தது. ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. வீடுகளில் ஐபிஎம் வகைப் பிசிகள் நுழைந்துவிட்டன. எந்தக் கம்ப்யூட்டருக்காக உயிரைக் கொடுத்து ஒவ்வொரு பைட்டாக மிச்சப்படுத்தினாரோ, அதற்கு வாடிக்கையாளர்களே குறைந்துவிட்டார்கள். தொடக்கத்தில் விற்பனை மந்தம். 1990ல் டாஸ் பதிப்பும், தொடர்ந்து பல நாடுகளில் வேறு கம்ப்யூட்டர்களுக்கான பதிப்புகளும் வந்த பிறகுதான் இளவரசன் பிழைத்தான்.

நம் ஊருக்கு வந்தது அந்த டாஸ் பதிப்பு. 1.44 எம்பி பிளாப்பி ஒன்றில் அடங்கிவிடும் என்பதால் கை மாறிக் கை மாறி எல்லா ஊருக்கும் போனது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களில் டிபேஸ் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இளவரசனைப் பற்றிச் சொல்வார்கள். நான் படித்த இடத்தில் கேம் விளையாடத் தடை இருந்தது. ஆகவே எங்கள் கோஷ்டி அதைப் பாடப் பெயர் கொண்ட டைரக்டரி ஒன்றில் ஒளித்து வைத்திருந்தது. பிளாப்பியில் வந்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. முதல் கட்டம் முடிந்ததும் பல குப்பிகள் இருக்கும் அறை ஒன்று வரும். கேமோடு வரும் கையேட்டின் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்கும். காசு கொடுத்து வாங்கியவரிடம்தானே கையேடு இருக்கும்! திருட்டுப் பிரதிக்கு வைத்த பூட்டு அது. அதோடு இன்னொரு ரகசியமும் பரவியது. டாஸில் பிரின்ஸ் என்று டைப் செய்து ஒரு இடைவெளி விட்டு மெகாஹிட் என்று சேர்த்தால், கட்டங்களைத் தாண்டிப் போகும் வசதியும் நேரத்தைக் கூட்டும் வசதியும் கிடைத்துவிடும். கேமை முடித்ததாகச் சொல்லிக் கொண்ட பலர் இந்த வழியில் முடித்தவர்கள்தான்.

பழையதெல்லாம் பொன், புதியதெல்லாம் பித்தளை என்று நான் சொல்ல வரவில்லை. இதே இளவரசனின் பிற்காலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1993ல் இரண்டாம் பாகம் வந்தது. 1999ல் முப்பரிமாணத்தில் பிரின்ஸ் ஆப் பெர்ஷியா 3டி என்று ஒன்று வந்தது. கிராபிக்ஸ் கார்டுகள் பிரபலமாகிக் கொண்டிருந்த காலம். படம் முப்பரிமாணமானது, ஆனால் இளவரசன் கையில் அகப்படவில்லை. கேமரா ஒரு பக்கம் போக அவன் ஒரு பக்கம் போனான். பிழைகளும் ஏராளம். 2003ல் யூபிசாப்ட் நிறுவனம் மெக்னரையும் சேர்த்துக் கொண்டு சாண்ட்ஸ் ஆப் டைம் பாகத்தைக் கொண்டு வந்தது. அதுவும் முப்பரிமாணம்தான், அதுவும் கார்டு கேட்டதுதான். ஆனால் அற்புதமான கேம். தவறி விழுந்தால் காலத்தையே பின்னோக்கிச் சுழற்றி மீண்டும் முயலலாம் என்ற ஒரு நல்ல யோசனை அதில் இருந்தது. 1999லும் 2003லும் கார்டு இருந்தது. ஒன்றில் யோசனை இருந்தது, மற்றதில் இல்லை. கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மெக்னரின் கதையில் வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாண்ட்ஸ் ஆப் டைம் தயாரான சமயத்தில், 2002ல், பழைய ஆப்பிள் கேமின் சோர்ஸ் கோட் தேவைப்பட்டது. சோர்ஸ் கோட் என்பது அவர் கைப்பட எழுதிய மூல புரோகிராம். தேடினார், கிடைக்கவில்லை. நான்கு வருட உழைப்பின் மூலப் பிரதி எங்கே என்று எழுதியவருக்கே தெரியவில்லை. பத்து வருடங்கள் கழித்து, 2012 மார்ச்சில், அவருடைய தந்தை வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பெட்டியில் அந்த பிளாப்பிகளைக் கண்டுபிடித்தார். இருபது வருடங்களுக்கும் மேலான பிளாப்பி. அதில் உள்ள காந்தப் பதிவு எப்போது வேண்டுமானாலும் அழிந்து போயிருக்கலாம். ஜேசன் ஸ்காட், டோனி டயஸ் என்ற இரு வல்லுநர்கள் பழைய ஆப்பிள் இயந்திரத்தோடு வந்து உட்கார்ந்து, தகவலைப் பத்திரமாகப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஏப்ரலிலேயே மெக்னர் அதை கிட்ஹப் தளத்தில் அனைவரும் படிக்கும்படி போட்டுவிட்டார். உங்கள் வீட்டிலும் பழைய பிளாப்பி, சிடி எதிலாவது கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் மழலைக் குரல் என்று ஏதாவது இருக்கும். படிக்கும் டிரைவ் கிடைக்கும்போதே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இன்னொரு பிரதியும் எடுத்து வைத்து விடுங்கள். எல்லா அலமாரியும் அவ்வளவு நல்ல அலமாரியாக இருக்காது.

கேமை இன்று எப்படி விளையாடுவது என்று கேட்பீர்கள். 64 பிட் விண்டோஸ், பழைய டாஸ் புரோகிராம்களை நேரடியாக இயக்காது. பைலை டபுள் கிளிக் செய்தால் மறுத்துச் செய்தி கொடுக்கும். பயந்துவிட வேண்டாம், கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. அதை இன்ஸ்டால் செய்துவிட்டு, கேம் இருக்கும் போல்டரில் உள்ள பிரின்ஸ் என்ற எக்சிகியூட்டபிள் பைலை மவுசால் இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் போட்டால் கேம் தொடங்கும். ஆல்ட் கீயுடன் என்டர் தட்டினால் திரை முழுவதும் விரியும். இளவரசன் தூங்கி வழிந்தால் கன்ட்ரோல் கீயுடன் எப்12 தட்டி வேகத்தைக் கூட்டுங்கள், பறந்தால் எப்11 தட்டிக் குறையுங்கள். மூன்றாம் கட்டம் முதல் கன்ட்ரோல் கீயுடன் ஜி என்ற எழுத்தை அழுத்தி, விளையாடிய வரை சேமித்துக் கொள்ளலாம். முதல் கட்டத்தில் இளவரசன் கையில் வாள் இருக்காது. நேராகக் காவலாளியிடம் போய் நிற்காதீர்கள். அந்தக் கட்டத்திலேயே வேறொரு மூலையில் வாள் கிடக்கிறது, முதலில் அதைத் தேடி எடுங்கள்.